இளவேனிலின் இடது கை

இளவேனிலுக்குக் குமட்டல் அவ்வளவு சுலபத்தில் வராது. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பின்னால் குடியிருக்கிறவர்களுக்கு அது வரவும் கூடாது. மழைக்காலத்தில் மூட்டைக்குள்ளேயே அழுகிப்போன கிழங்கின் வாடை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவளுடைய அம்மா பாவாத்தாள் அந்த மண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்து நல்லதையும் சொத்தையையும் பிரித்துப் போடுகிறவள். சாயங்காலம் வந்து எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் விரலிடுக்கில் அந்த வாடை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதே கையால் பிசைந்து போடுகிற சோற்றை இளவேனில் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு வளர்ந்தாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பதினோராம் வகுப்பில் ஒரு டம்ளர் பாதாம் பால் குமட்டியது. ஏலக்காய் போட்டு, குங்குமப்பூ தூவி, வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்த பால். அதைச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குக் கொரிய மொழி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று அவள் அப்பா வேலன் ஒரு பழைய செல்போன் வாங்கிக் கொடுத்தார். மண்டியில் மூட்டை தூக்குகிற மனிதர், பிள்ளை படிக்கிறாள் என்று நம்பி வாங்கினார். பிள்ளை கொரிய சீரியல் பார்த்தது. தமிழில் டப்பிங் செய்திருந்தார்கள். சியோல் நகரத்துப் பையன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பனியில் நின்று, மதுரைப் பக்கத்து ரவுடி மாதிரி பேசினான். காதலியை 'அடியே' என்றான். அந்தக் கண்றாவி பொறுக்காமல் ஒரு நாள் அவள் டப்பிங்கை நிறுத்திவிட்டு அவர்களுடைய சொந்தக் குரலைக் கேட்டாள். அன்றைக்குப் பிடித்தது.

எழுத்தைக் கற்றுக்கொள்ள அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. பேச்சுதான் அவளை இழுத்தது. பெரியவர்களிடம் பேசினால் ஒரு விதம், சின்னவர்களிடம் பேசினால் ஒரு விதம், முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் கடைசியில் ஒரு 'யோ' வைத்து மரியாதையாக முடிப்பது. வாங்க, போங்க, ஏனுங்க என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு அது ஏதோ பக்கத்து ஊர்ப் பேச்சு மாதிரி பட்டது. தண்ணீர் பிடிக்கும்போது, துணி துவைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பாள். 'புள்ளைக்கு என்னமோ புடிச்சுக்கிச்சு' என்று பாவாத்தாள் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசக் கூட நினைத்தாள்.

இதில் அவளுக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று. யாரும் ஊட்டாமல் தானே கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் படித்த வேறு எதுவும் அவளுக்குத் தன்னுடையது என்று தோன்றியதில்லை. அது மலையடிவாரத்தில் மஞ்சள் பஸ்களோடு நிற்கிற ஒரு மெட்ரிக் பள்ளி. நம் பக்கத்தில் இந்த மாதிரிப் பள்ளிக்கூடங்கள் எப்படி நடக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியும் முன்னே ஸ்டடி, சாப்பாட்டுக்கு முன்னே ஒரு டெஸ்ட், சாப்பாட்டுக்குப் பின்னே ஒரு டெஸ்ட், தப்பாக எழுதினால் அதையே திரும்பத் திரும்ப எழுதும் இம்போசிஷன். விழுங்கியதை அப்படியே கக்க வேண்டும். எட்டாவது வரை அரசாங்க ஒதுக்கீட்டில் படித்தவளை, அதற்கு மேல் நல்ல மார்க்குக்காகக் கரஸ்பாண்டென்ட் லட்சுமணசாமி சம்பளம் வாங்காமல் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்ட செய்தியை ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் மைக்கில் சொன்னார்.

லட்சுமணசாமிக்கு ஸ்பின்னிங் மில்லும் உண்டு. ஏதோ மெஷின் பார்க்கக் கொரியாவுக்குப் போனவர், திரும்பி வந்ததும் தன் பள்ளியில் கொரிய மொழி சொல்லித் தரப்படும் என்று அறிவித்துவிட்டார். முதலில் பிளக்ஸ் வந்தது. காரமடை வரைக்கும் ரோட்டோரமாக அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். வாத்தியார் யார் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது. கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்த கிருபாசங்கர் ஒரு ஆன்லைன் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வைத்திருந்தார். அவரே கொரிய வாத்தியார் ஆனார்.

அவர் வகுப்பைப் பார்க்க இளவேனிலுக்கு உடம்பு கூசியது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இதயம் காட்டச் சொல்லிக்கொடுத்தார். இடுப்பை வளைத்துக் கும்பிடச் சொல்லிக்கொடுத்தார். எச்சில் தொட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடி, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லையும் கசக்கிப் பிழிந்து வெளியே எடுத்தார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அவள் எழுந்து, "சார், அதை இப்படிச் சொல்லோணுங்க" என்று சொல்லிக் காட்டினாள். மனிதருக்குக் கோபம் வரவில்லை, நிம்மதி வந்தது. மறுநாளிலிருந்து அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார், வகுப்பை அவள் எடுத்தாள்.

வகுப்பில் அவளைத் தவிர எட்டுப் பேர். எல்லாரும் மில், மண்டி, ரைஸ் மில் வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் லாஸ்யா லட்சுமணசாமியின் பேத்தி. கெட்ட பெண் என்று சொல்ல முடியாது. ஒரு கொரியப் பாட்டுக் கோஷ்டியின் மேல் உயிரையே வைத்திருந்தாள், அந்தப் பையன்களின் படம் போட்ட கிளிப்பை இளவேனிலுக்கும் ஒன்று கொடுத்தாள். படிக்க மட்டும் மாட்டாள்.

வெளிநாட்டவர்கள் கொரிய மொழி எவ்வளவு அறிவார்கள் என்று பார்க்க ஒரு பரீட்சை உண்டு. டோபிக் என்பார்கள். அதில் ஆரம்பக்கட்டத் தாளில் கேட்பதும் வாசிப்பதும் மட்டும்தான். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை, சரியானதை நிரப்ப வேண்டும். எடுக்கிற மார்க்கைப் பொறுத்து முதல் நிலை அல்லது இரண்டாம் நிலை. சென்னையில் போய் எழுத வேண்டும். பள்ளியே விண்ணப்பம் போட்டு, பள்ளியே அழைத்துப் போகும் என்றார்கள். இளவேனில் இரண்டாம் நிலைக்கு ஆசைப்பட்டாள். பன்னிரண்டாவது முடித்ததும் கொரிய மொழியையே கல்லூரியில் படிக்க அது உதவும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் வேறு. செல்போனை மடியில் வைத்துக்கொண்டு தான் தனியாகக் கற்றது சரிதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் அவளைச் சோதித்ததே இல்லை. அந்த மொழிக்காரர்களே பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். யாருடைய தயவும் கலக்காமல் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் பாதாம் பால் வந்தது.

லட்சுமணசாமி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவே வைத்தார். அந்த நாற்காலியில் அவள் அப்பா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"ஏங்கண்ணு, நல்லாருக்கியா? அம்மா மண்டிக்குப் போயிட்டிருக்காங்ளா?"

"போறாங்க சார்."

"நல்ல மனுசிங்க. பால் குடி கண்ணு, ஆறுது. நீ இந்தப் பரீச்சையில பாஸாயிருவே. அதுல எங்களுக்கு வெசனமே இல்லீங்க. மத்த கொழந்தைகதான்... நீ சித்த பாத்துக்கோணும்."

"பாத்துக்கறதுன்னா எப்படீங்க சார்?"

அவர் சிரித்தார். "நம்ம ஒன் மார்க் பயிற்சி இருக்குதல்லொ, அதேதான் கண்ணு."

ஒன் மார்க் பயிற்சி என்றால் அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொதுத்தேர்வில் ஒரு மார்க் கேள்விகளுக்கு நாலு விடை கொடுத்திருப்பார்கள் அல்லவா? நன்றாகப் படிக்கிற பிள்ளை முன்னால் உட்கார்ந்து விடைக்குத் தகுந்த மாதிரி உடம்பைத் தொட்டுக் காட்டும். காதைத் தொட்டால் ஒன்று. பிடரியைத் தொட்டால் இரண்டு. உச்சந்தலை மூன்று. தோள் நாலு. பின்னால் இருக்கிறவர்கள் பார்த்துப் போட்டுக்கொள்வார்கள். வருஷா வருஷம் இதற்கென்றே தனிப் பீரியட் ஒதுக்கிப் பழக்குவார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற பிளக்ஸ் இப்படித்தான் விளைந்தது. இதில் கூச்சப்பட எதுவும் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றியதில்லை, ஒத்தாசை என்றுதான் நினைத்தார்கள்.

"சார், பிடிபட்டா அப்பறம் சில வருசத்துக்கு எழுதவே உடமாட்டாங்களாங்க" என்றாள் இளவேனில்.

"உனக்குப் புடிக்கலீன்னா வேண்டாங்கண்ணு. நாங்க ஆரையும் கட்டாயப்படுத்தறதே இல்லீங்க. அப்ளிகேசன் இன்னும் அனுப்பல. உன்ற பேரை மட்டும் எடுத்துப்போட்டு அனுப்பிக்கறோம். அவ்வளவுதானுங்களே? பாலைக் குடி சாமி."

அதட்டியிருந்தால் அவளுக்கு எதிர்த்து நிற்க வந்திருக்கும். இந்த மனிதர் கண்ணு என்றார், சாமி என்றார், வாய்க்கு வாய் 'ங்க' போட்டார். அந்த மரியாதைக்குள் வைத்து மென்னியைப் பிடித்தார். பாலின் மேலே ஆடை படிந்து சுருங்கியிருந்தது. அவள் குடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆடை உதட்டில் ஒட்டியதும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிவிட்டு, "சரிங்க சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். பாவாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே? பக்கத்துல இருக்கறவுங்களுக்குக் காட்டுனா உனக்கு என்னொ கொறஞ்சா போயிரும்? அவிய பாஸாகறது அவியளுக்கு, நீ பாஸாகறது உனக்கு."

"அது களவும்மா."

"களவா? உன்ற சீட்டே அவிய குடுத்தது. போயி மூஞ்சியக் களுவு."

அம்மாவின் மேல் அவளுக்கு வந்த வெறுப்பு அம்மாவுக்குத் தகாதது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கு முதல் தடவையாக அந்தக் கையின் வாடை அவளை உறுத்தியது. தானே தட்டில் சோறு போட்டுக்கொண்டாள்.

பயிற்சி தொடங்கியது. டேபிள் டென்னிஸ் ஆடுகிற கூடத்தில் ஒன்றன் பின் ஒன்றாக ஒன்பது மேஜை. பள்ளியிலிருந்து சேர்த்து விண்ணப்பித்தால் நம்பர் வரிசையாக வரும், வரிசையாகத்தான் உட்கார வைப்பார்கள் என்று கிருபாசங்கர் விசாரித்து வைத்திருந்தார். இளவேனில் பெயரை முதலில் போட்டிருந்தார். பழைய கேள்விகளின் ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் போடுவார். ஒரு கேள்வி முடிந்ததும் பி.டி. வாத்தியார் விசில் ஊதுவார். அவள் இடது கையைத் தூக்கிப் பிடரியைத் தொடுவாள். எட்டுப் பேர் இரண்டாம் வட்டத்தை நிரப்புவார்கள். மறுபடி கேள்வி, மறுபடி விசில். இதற்குப் பெயர் கொரிய மொழி.

"இளா, உன் சடை மறைக்குதுப்பா. ஒண்ணும் தெரியல" என்றாள் பின்னால் இருந்த லாஸ்யா.

கொண்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டையும் சரிப்படவில்லை, இன்னும் மேலே ஏற்றிக் கட்டச் சொன்னார்கள். பிடரியின் நடுவே தொட வேண்டும், ஓரமாகத் தொட்டால் காது என்று குழம்புகிறது என்று கிருபாசங்கர் மர ஸ்கேலை எடுத்து வந்து அவள் கழுத்தில் வைத்துக் காட்டினார். "இங்க. சரியா இங்க." ஸ்கேல் சில்லென்றிருந்தது. எட்டு ஜோடிக் கண்கள் தன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு முதுகுப் பக்கம் ஈ மொய்ப்பது போல இருந்தது. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாடாவது திரும்பி முட்டும்.

அவர்கள் படிப்பதை அதோடு நிறுத்திவிட்டார்கள். தட்டுத்தடுமாறி நாலு வாக்கியம் பேசக் கற்றிருந்தவர்களும் மறந்தார்கள். அவளுக்கு மிகவும் கசந்தது இதுதான். ஸ்பீக்கரில் ஒரு பெண்ணும் பையனும் ஆப்பிள் வாங்குவது பற்றி அழகாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்க அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மற்றவர்களுக்கு அது விசில் வருவதற்கு முந்தைய இரைச்சல்.

நாளாக நாளாகக் கை தானாகப் பழகிவிட்டது. வீட்டில் சீரியல் பார்க்கும்போது யாரோ யாரையோ கேள்வி கேட்டால் அவள் கை காதுக்குப் போனது. பஸ்ஸில் கண்டக்டர் "எங்கம்மா எறங்கோணும்?" என்றதற்குத் தோளைத் தொட்டாள். அவள் வாயாலேயே இதைக் கேட்ட லாஸ்யா கிருபாசங்கரிடம் சொல்லிச் சிரித்தபோது அவர், "ரிஃப்ளெக்ஸ் வந்துருச்சு, இனி பயமில்ல" என்று பி.டி. வாத்தியாரோடு கை குலுக்கிக்கொண்டார்.

சென்னைக்குப் போகும் ரயிலில் இளவேனில் ஒரு முடிவுக்கு வந்தாள். காட்டப் போவதில்லை. இப்போது விண்ணப்பம் போய்விட்டது, நம்பர் வந்துவிட்டது, இனி அவள் பெயரை யாரும் எடுக்க முடியாது. திரும்பி வந்த பிறகு பள்ளியை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும், கவர்மெண்ட் ஸ்கூல் இருக்கவே இருக்கிறது. இதை நினைத்ததும் பல நாளுக்குப் பிறகு பசி எடுத்து, கட்டிக்கொண்டு வந்திருந்த புளிசாதத்தை முழுக்கத் தின்றாள்.

பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு ஒரு கொரியப் பெண்மணி நின்றார். நாற்பது வயது இருக்கும், குட்டை முடி. யூன் மேடம் என்று பக்கத்தில் இருந்தவர் கூப்பிட்டார். விதிகளை அவர் கொரிய மொழியில் சொல்லச் சொல்ல இளவேனிலுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. செல்போனிலிருந்து வராமல், எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற ஒருவரின் வாயிலிருந்து வந்தும் விளங்கியது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கரித்தது.

ஒலிப்பதிவு ஓடத் தொடங்கியது. இடது கையால் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். முதல் கேள்வி. பின்னால் ஒரு செருமல். இரண்டாவது. இரண்டு செருமல். மூன்றாவதற்கு லாஸ்யா நாற்காலிக் காலை எட்டி உதைத்தாள். இளவேனில் அசையவில்லை. ஆனால் கையைப் பிடித்து வைப்பதிலேயே புத்தி போனதில் அடுத்த கேள்வியில் பாதி காதில் விழாமல் போயிற்று. குருட்டாம்போக்கில் ஒன்றை நிரப்பினாள். பதறிப்போய்க் கவனத்தைத் திருப்பி, ஒலிப்பதிவுக்குள்ளேயே இறங்கிவிட்டாள். ஒரு அப்பா மகளிடம் மழை வருகிறது, குடை எடுத்துப் போ என்கிறார். ஒருவர் நூலகம் எங்கே என்று வழி கேட்கிறார். எல்லாம் தெளிவாக, இனிப்பாக வந்தன. எத்தனை கேள்வி அப்படிப் போயிற்றோ, திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. பின்னால் செருமல் நின்றுபோயிருந்தது.

அவள் கை பிடரியில் இருந்தது.

கீழே இழுத்தாள். அடுத்த கேள்விக்கு அது மறுபடி ஏறியது. கையைப் பிடித்தால் காது போகிறது, காதைக் கொடுத்தால் கை போகிறது. இரண்டில் ஒன்றுதான். அவள் காதைத் தேர்ந்தெடுத்தாள். இதை யாரும் அவள் மேல் திணிக்கவில்லை, அந்த நிமிஷத்தில் இரண்டாம் நிலை வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுத்தாள். கை அதன் போக்கில் காதுக்கும் உச்சிக்கும் தோளுக்கும் போய் வந்தது, பின்னால் பேனாக்கள் சுறுசுறுப்பாக ஓடின. தன் கையே தன்னுடையதில்லாமல் எதுவோ ஊர்வது போல இருந்தது. சீ என்று வந்தது.

வாசிப்புப் பகுதியிலும் கை நிற்கவில்லை. பாதி தாண்டியபோது யூன் மேடம் அவள் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து, தணிந்த குரலில், கொரிய மொழியில், "கையைக் கீழே வையுங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், கடைசியில் அந்த 'யோ' இருந்தது. ஒரு கொரியர் இளவேனிலிடம் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

பரீட்சை முடிந்து எல்லாரும் வெளியேறும்போது அவர் அவளை மட்டும் வராந்தாவில் நிறுத்தினார்.

"ஏன் திரும்பத் திரும்பக் கழுத்தையும் தலையையும் தொட்டுக்கொண்டே இருந்தீர்கள்?"

உண்மையைச் சொல்ல அவளுக்குச் சொற்கள் தெரியும். எல்லாச் சொற்களும் தெரியும். தூணுக்கு அப்பால் கிருபாசங்கர் நகத்தைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தோலில் ஒரு நோய் இருக்கிறது, மேடம். சின்ன வயதிலிருந்தே. பதற்றம் வந்தால் அதிகமாக அரிக்கும். தொந்தரவு செய்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள். தடங்கல் இல்லாமல், மரியாதைச் சொல் ஒன்றுகூடப் பிசகாமல், கொரிய மொழியில் சொன்னாள்.

யூன் மேடத்தின் முகம் இளகிவிட்டது. "ஐயோ, பாவம்" என்றார். பிறகு ஆச்சரியமாகப் பார்த்து, "கொரிய மொழி எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்! எங்கே கற்றீர்கள்?" என்றார்.

இத்தனை வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. ஒரு பொய்க்குக் கூலியாகக் கிடைத்தது. மாடிப்படி இறங்கிப் போய் பாத்ரூமில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே நின்றாள். வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கொப்பளித்தாள்.

வெளியே வந்ததும் கிருபாசங்கர், "என்ன சொல்லிச் சமாளிச்சே கண்ணு?" என்றார்.

"தோல் வியாதின்னு சொன்னேனுங்க."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அய்யய்யோ, எங்களுக்கும் ஒட்டிக்கப் போகுது" என்று லாஸ்யா விளையாட்டாகத் தள்ளி நின்றாள். விளையாட்டுத்தான். ஆனால் திரும்பி வருகிற ரயிலிலும் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

முடிவு வந்தது. இளவேனில் இரண்டாம் நிலை. மற்ற எட்டுப் பேரும் முதல் நிலை. ஊரெல்லாம் பிளக்ஸ். நடுவில் லாஸ்யா, ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு இளவேனில். வேலன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்த பிளக்ஸைச் செல்போனில் படம் எடுத்தார். பாவாத்தாள் மண்டியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். இளவேனில் சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டாள். அந்தப் பேச்சு காதில் விழுந்தாலே வராந்தாவில் தன் குரல் வழவழவென்று பொய் சொன்னது ஞாபகம் வந்து, எழுந்து போய்விடுவாள். அழுகல் வாடையில் சோறு தின்ன முடிந்தவளுக்கு இது முடியவில்லை.

சான்றிதழ் கொடுக்க விழா வைத்தார் லட்சுமணசாமி. கொரியர் ஒருவர் கையால் கொடுத்தால்தான் மதிப்பு என்று சென்னைக்கு ஆள் விட்டுக் கேட்க வைத்தார். வந்து இறங்கியது யூன் மேடம். பட்டுப் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளைகள் பூத்தூவி, நாதஸ்வரம் ஊதி, மாலைக்கு மேல் மாலையாகப் போட்டு அந்த அம்மாவைத் திணறடித்தார்கள். பெற்றோர்கள் கூட்டத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் வேலனும் பாவாத்தாளும் நின்றுகொண்டிருந்தார்கள்.

மேடையில் இளவேனிலைப் பார்த்ததும் யூன் மேடத்துக்கு அடையாளம் தெரிந்தது. சான்றிதழைக் கொடுத்த கையோடு தன் பைக்குள் தேடி ஒரு சின்ன ட்யூபை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"எங்கள் ஊரிலிருந்து வரவழைத்தேன். என் மகளுக்கும் இதே தொந்தரவு, இதைத்தான் போடுவாள். இப்போது தோல் பரவாயில்லையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் கழுத்தைக் கவலையோடு பார்த்தார்.

இந்தக் கழுத்தை எட்டுப் பேர் மாதக்கணக்காகப் பார்த்திருந்தார்கள். வலிக்கிறதா என்று பார்த்தது இவர் ஒருவர்தான். அதுவும் பொய் வலியை நம்பிப் பார்த்தார். இளவேனிலுக்குப் பாதாம் பால், ஸ்கேல், வராந்தா எல்லாம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தன. இதற்கு மேல் விழுங்க முடியாது என்று தெரிந்தது.

"இப்பொ நம்ம இளவேனில் கொரியன்ல வரவேற்புரை குடுப்பாங்க" என்று லட்சுமணசாமி மைக்கில் சொன்னார். கிருபாசங்கர் முதல் நாளே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார். அவர் இப்போது கீழே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இளவேனில் மைக்கைப் பிடித்தாள். கொரிய மொழியில் பேசினாள்.

"யூன் மேடம், எனக்குத் தோல் நோய் இல்லை. அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன். காதைத் தொட்டால் ஒன்று, பிடரியைத் தொட்டால் இரண்டு, தலையைத் தொட்டால் மூன்று, தோளைத் தொட்டால் நாலு. இதை இந்தப் பள்ளியில் விசில் ஊதிச் சொல்லிக் கொடுத்தார்கள். என் பின்னால் இருந்த எட்டுப் பேரும் என் கையைப் பார்த்து எழுதினார்கள்."

மூச்சு வாங்க நிறுத்தினாள். முன் வரிசையில் முதல் நிலை தேறிய பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்துக் கூட்டமும் தட்டியது. லாஸ்யா மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினாள். காது, தலை, தோள் எல்லாம் முதல் பாடம். அதைக் கற்றுக் கொடுத்தவள் இளவேனில்தான். லாஸ்யாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, வெளுத்தது.

யூன் மேடம் அவள் பக்கத்தில் வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்வது உண்மைதானா? இதை நான் மேலே தெரிவித்தால் உங்கள் மதிப்பெண்ணும் போய்விடும். தெரிந்துதான் சொல்கிறீர்களா?"

லட்சுமணசாமி வாயெல்லாம் பல்லாக அவள் பக்கம் சாய்ந்தார். "என்ன கேக்கறாங்க கண்ணு?"

"நெசமாத்தான் சொல்றியான்னு கேக்கறாங்க சார்."

"ஆமான்னு சொல்லு சாமி. நம்ம ஸ்கூலைப் பத்தித்தானே? நல்லாச் சத்தமாச் சொல்லு."

அவள் மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் இழுத்து, ஆமாம் என்று சத்தமாகச் சொன்னாள்.